கோவாவின் போர்த்துகீசியக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவருவது

கோவாக்காரர்கள் போர்த்துகீசிய மொழியில் நாவலும் சிறுகதையும் எழுதியிருக்கிறார்கள் என்றால், நிறைய வாசிக்கும் நண்பர்கள்கூட "அப்படியா?" என்கிறார்கள். பிரான்சிஸ்கோ லூயிஸ் கோமஸ் எழுதிய 'ஓஸ் பிராமனஸ்' 1866இல் வந்துவிட்டது. நம் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல்தான். 1961 டிசம்பரில் போர்த்துகீசிய ஆட்சி முடிந்தது, பள்ளிக்கூடங்களிலிருந்து அந்த மொழியும் போனது. அடுத்த தலைமுறையில் வாசிக்க ஆளில்லை. 1900இல் போர்த்துகீசிய நாளிதழாகத் தொடங்கிய 'ஓ ஹெரால்டோ'வும் 1983இல் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது.

அதே இதழில் 1920களில் ஜொஸே டா சில்வா கொயேலியோ எழுதிய நையாண்டிக் கதைகளைத்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பு என்கிறேனே தவிர, பாதி நேரம் மூலத்தைத் தேடுவதிலேயே போகிறது. பழைய இதழ்களைத் தேட முதலில் போக வேண்டிய இடம் பணஜியில் பாட்டோ பகுதியில் இருக்கும் மாநில மத்திய நூலகம், 1832இல் தொடங்கியது. மலிவான செய்தித்தாள், கோவாவின் மழை ஈரம், பூச்சி மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? தாளைத் திருப்பினாலே ஓரம் உதிர்கிறது. பைண்டு செய்த தொகுதியை முழுக்க விரிக்கவும் முடியாது. உள்பக்கப் பத்தியில் வரியின் கடைசி எழுத்துகள் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். அனுமதி வாங்கி, ஃபிளாஷ் இல்லாமல், ஒரே பக்கத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். மங்கிய அச்சை மென்பொருளிடம் கொடுத்தால் கண்டதையும் கக்குகிறது.

1911இல் நடந்த போர்த்துகீசிய எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்கள் வேறு வகைத் தலைவலி. 1896இல் வந்த 'ஜாக்கோப் இ துல்சி' போன்றவற்றில் எழுத்துக்கூட்டல் வேறு. இன்றைய அகராதியில் அப்படியே தேடினால் சிக்காது. கொங்கணியிலிருந்து வந்த சொற்களுக்கு தல்காதோ பாதிரியார் 1919, 1921இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட சொற்களஞ்சியம்தான் கைகொடுக்கிறது. அவரும் கோவாக்காரர்தான்.

ஆனால் அகராதி தீர்க்காத விஷயம் ஒன்று உண்டு: நிலம். பாட்கார் என்பவர் நிலக்கிழார். அவர் நிலத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு, அவருக்கு வேலையும் செய்து வாழ்பவர் முந்த்கார். எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம் என்ற பயம் அவருக்கு. வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்புத் தரும் முந்த்கார் சட்டம் 1975இல்தான் வந்தது. இது தெரியாமல் படித்தால், பாட்கார் முன்னால் ஒருவர் ஏன் இப்படிக் குழைகிறார் என்பது பிடிபடாது, சிரிப்பும் வராது. மட்காவ் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், போர்த்துகீசியப் பள்ளியில் படித்தவர். கதையை அவர் உரக்க வாசிக்கும்போது எங்கே சிரிக்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். எந்த உரை நூலும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

உரிமை விஷயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். கொயேலியோ 1944இல் காலமானவர் என்பதால் சிக்கல் இல்லை. 1963இல் தொகுப்பு வெளியிட்ட விமலா தேவி போன்றவர்களின் கதைகளைத் தொட முறையான அனுமதி வேண்டும். கோவாக் குடும்பங்கள் லிஸ்பன், மொசாம்பிக் என்று பரந்து கிடக்கின்றன; வாரிசைத் தேடிப் பிடிப்பதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

பதிப்பாளர் அடிக்குறிப்பே வேண்டாம் என்கிறார். சரி, பாட்கார், முந்த்கார் கதையை மட்டும் முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதிக்கொள்கிறேன் என்று பேசி வைத்திருக்கிறேன்.