மில்லிங் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது தூணை

சிறிய மில்லிங் மெஷினைச் சரிபார்ப்பது என்றாலே, ஸ்பிண்டிலில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) மாட்டி, மேசையின் மேல் ஒரு வட்டம் சுற்றிப் பார்த்து, இடமும் வலமும் முள் ஒரே அளவைக் காட்டும்வரை ஹெட்டை (ஸ்பிண்டிலைத் தாங்கும் பகுதி) திருப்பி இறுக்குவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சோதனை தேவையானதே. ஆனால் அதை முதலில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் தெரிவது, ஹெட் மேலும் கீழும் நகரும் தூணின் சாய்வும் ஹெட்டின் சாய்வும் சேர்ந்த மொத்தம் மட்டுமே. தூண் வலப்பக்கம் சாய்ந்திருக்க, ஹெட்டை அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிட்டால், முள் அசையாது. தூணின் சாய்வு அப்படியே இருக்கும். துளை போடும்போதுதான் அது வெளிப்படும். 100 மி.மீ. உயரத்துக்கு 0.05 மி.மீ. சாய்ந்த தூணில், டிரில் சக்கை (டிரில்லைப் பிடிக்கும் பிடி) கழற்றி போரிங் ஹெட்டை (துளையைப் பெரிதாக்கும் கருவி) மாட்டுவதற்காக ஹெட்டை 150 மி.மீ. உயர்த்தினால், மையம் 0.075 மி.மீ. விலகிவிடும்.

ஆகவே, முதலில் கிப்களின் (நகரும் பாகங்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டைகள்) தளர்வை நீக்கிவிட்டு, மேசைமேல் நல்ல மூலைமட்டம் ஒன்றை நிறுத்தி, ஸ்பிண்டிலைச் சுழற்றாமல், டயல் கேஜின் முனை அதன் நிற்கும் விளிம்பைத் தொடும்படி வைத்து, ஹெட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் ஹெட்டைப் பூட்டிய பிறகே அளவைப் படிக்க வேண்டும்; பூட்டாத ஹெட் தன் எடையாலேயே முன்பக்கம் தொங்கும். மூலைமட்டத்தின் மீதே சந்தேகம் இருந்தால், அதை 180 பாகை திருப்பி வைத்து மீண்டும் அளந்து, விலகலின் திசையையும் கணக்கில் கொண்டு, இரண்டின் சராசரியை எடுத்தால் போதும். 200 மி.மீ. உயரத்தில் தூண் 0.05 மி.மீ. முன்பக்கம் சாய்ந்திருந்து, அடிப்பாகத்தில் முன் போல்ட்களுக்கும் பின் போல்ட்களுக்கும் இடையே 120 மி.மீ. இருந்தால், முன் போல்ட்களை ஒட்டித் தூணின் அடியில் 0.03 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும்.

தூண் நிமிர்ந்த பிறகு வட்டச் சோதனைக்கு வரலாம். டயல் கேஜைத் தாங்கும் கை சற்று வளைந்தாலும் கவலையில்லை. செங்குத்து அச்சில் சுழல்வதால் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருக்கும். கிடை அச்சில் சுழலும் லேத்தில் அப்படியல்ல. மேசையின் காடிகளில் முனை விழாமலிருக்க, அளக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கிரைண்டிங் செய்த கட்டையை அடியில் வைக்க வேண்டும். இட வலச் சாய்வுக்கு ஹெட்டைத் திருப்ப வேண்டும். முன் பின் சாய்வுக்கு ஹெட்டுக்கும் அதைத் தாங்கும் ஸ்லைடுக்கும் இடையே ஷிம் வைக்க வேண்டும். இறுக்கும்போது ஹெட் நகரும் என்பதால், போல்ட்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, முழுதும் இறுகிய பின் வரும் அளவையே நம்ப வேண்டும். 200 மி.மீ. வட்டத்தில் 0.02 மி.மீ. வித்தியாசம் என்று வந்துவிட்டால் நான் அதோடு நிறுத்திவிடுவேன். அந்தச் சாய்வில் 50 மி.மீ. ஃபேஸ் மில்லின் (பரப்பைத் தட்டையாகச் சீவும் கருவி) இரு ஓரங்களுக்கும் இடையே வரும் உயர வித்தியாசம் 0.005 மி.மீ.தான்.