பால் பத்துதா பத்துதான்னு கேக்கறவங்களுக்கு

புள்ள பொறந்த வீட்டுக்கு பாக்க வர்ற ஆளுங்க கேக்கற மொத கேள்வி என்னவோ எல்லா ஊர்லயும் ஒன்னுதான் போல, "பால் பத்துதா?" அம்மாபேட்டைல எங்க வீட்டுக்கு வந்தவங்களும் அதேதான். அடுத்து பூண்டு தின்னு, முருங்கக்கீர தின்னு, வெந்தயக்கஞ்சி குடின்னு வரிசையா வரும். எங்க அம்மாயி இன்னும் ஒருபடி மேல, பூண்ட நல்லெண்ணெயில வதக்கி கிண்ணத்துல போட்டு கைல குடுத்துட்டு நான் தின்னு முடிக்கற வரைக்கும் எதுக்கவே உக்காந்திருக்கும்.

கேக்கட்டும், தப்பில்ல. ஆனா அதோட நின்னுர்றாங்க பாருங்க, அதான் எனக்கு எரிச்சல். பாப்பா பசிக்கு மட்டுமா வர்றா? தூக்கம் வந்தா வருவா, பயந்தா வருவா, தெரியாத ஆளு தூக்குனா வருவா, கரண்டு போயி ஃபேன் நின்னாலும் வருவா. அர நிமிஷம் சப்பிட்டு விட்டுருவா, உடனே "பால் இல்ல போலிருக்கு, அதான் விட்டுட்டா"ன்னு தீர்ப்பு வந்துரும். மூத்திரம் நல்லா போறா, எடை ஏறுது, அப்புறம் என்ன பால் இல்ல?

ஆஸ்பத்திரில இருக்கறப்பவே எனக்கு ஒன்னு ஆச்சரியமா இருந்துச்சு, பாப்பா வாய் வெச்சு சப்ப ஆரம்பிச்சதும் அடிவயிறு சுருக் சுருக்குன்னு புடிக்கும், பிரசவ வலிக்கு தங்கச்சி மாதிரி. பயந்துபோயி நர்ஸ் அக்காகிட்ட சொன்னா, "நல்லதுதான் கண்ணு, கர்ப்பப்பை சுருங்குது"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. விஷயம் என்னன்னா, புள்ள சப்பறப்ப நம்ம உடம்புல ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது, பாலை எறக்கிவிடறதும் அதுதான், கர்ப்பப்பையை சுருக்கி ரத்தப்போக்க கொறைக்கறதும் அதேதான். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள வாய் வைக்கச் சொல்றது புள்ளைக்காக மட்டும்னு நெனச்சுட்டிருந்தேன், பெத்தவளுக்கும் சேர்த்துதான். நம்ம பக்கம் இன்னும் சில வீட்ல அந்த நேரத்துல சேனை வைக்கறேன்னு தேனையும் சக்கரத் தண்ணியையும் தொட்டு வைக்கறாங்க, மொதல்ல வர்ற சீம்பால் மஞ்சளா இருக்கு வேணாம்னு பீச்சி விட்டுர்றாங்க. எதிர்ப்பு சக்தி அதிகமா இருக்கற பாலே அதுதாங்க. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, பெரியவங்க கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

ஊசி கதைக்கு வர்றேன். ஒன்ற மாச ஊசிக்கு கூட்டிட்டு போறப்ப எனக்குத்தான் பாப்பாவ விட பயம். ரெண்டு தொடையிலயும் போடுவாங்க. பெஞ்சுல எங்களுக்கு முன்னாடி இருந்த பையன் கத்துன கத்துல வெளிய நின்ன அவங்கப்பா கண்ண தொடச்சுட்டிருந்தாரு. எங்க முறை வந்தப்ப அந்த சிஸ்டர் சொட்டு மருந்தெல்லாம் மொதல்ல குடுத்து முடிச்சுட்டு, "ஊசி அப்புறம், மொதல்ல பால் குடு, நல்லா புடிச்சு குடிக்கட்டும்"னாங்க. எங்க அத்தை "புரையேறிடுமேம்மா"ன்னு இழுத்தாங்க, சிஸ்டர் காதுலயே வாங்கல. பாப்பா சப்பி சப்பி முழுங்கற சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் ஒரு குத்து. சப்பறது நின்னுச்சு, கண்ணு ரெண்டும் பெருசாச்சு, மூக்கால "ங்ங்"னு ஒரு சத்தம், என் நைட்டிய இறுக்கி புடிச்சா, அப்புறம் மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டா. ரெண்டாவது ஊசிக்கு வாய விட்டு அழுதா, அழாம இல்ல, ஆனா தோள்ல போட்டு எந்திரிக்கறதுக்குள்ள நின்னுருச்சு. அந்த சிஸ்டர் ஏதோ கைவைத்தியமா செஞ்சாங்கன்னு பாத்தா, தடுப்பூசி வலிய கொறைக்க பால் குடுத்துக்கிட்டே போடுங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2015ல சொல்லியிருக்கு. உடம்போட உடம்பு ஒட்டி கெடக்கற சூடு, சப்பறது, அந்த இனிப்பு, மூனும் சேந்து வலிய மழுங்கடிச்சிருது. ஊசி போட்டப்புறம் குடுக்கறத விட, முன்னாடியே வாய் வெச்சு நல்லா குடிக்க விட்டுட்டு போட்டாதான் பலன் ஜாஸ்தி. உங்க சென்டர்ல சொல்லலன்னா நீங்களே கேளுங்க.

ஏற்காடு போறப்பவும் இதே வித்தைதான். சேலத்துலருந்து மேல ஏறுனா ஆயிரம் மீட்டருக்கும் மேல ஒசரம் கூடுது, இருவது கொண்டை ஊசி வளைவு, பெரியவங்களுக்கே பாதி மலையில காது அடைச்சுக்கும். நாம கொட்டாவி விட்டு எச்சி முழுங்கி சரி பண்ணிக்குவோம், கைக்கொழந்தைக்கு அது தெரியுமா? வீல்னு கத்தும், வண்டில இருக்கறவங்க வயித்து வலின்னு ஓமத்தண்ணிய தேடுவாங்க. முழுங்கறப்பதான் காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கற குழாய் தெறந்து அழுத்தம் சமமாகுது. நாங்க கார்ல போனோம், ஓடற கார்ல குடுக்கறது ஆபத்து, அதனால வளைவு தாண்டி எடம் இருக்கற பக்கம் ஓரங்கட்டி, கொரங்கு வராம கண்ணாடிய ஏத்தி விட்டு குடுத்தேன். எறங்கறப்பவும் அப்படித்தான், என் வீட்டுக்காரரு "இப்படியே போனா சேலம் போக சாயங்காலம் ஆயிரும்"னு முணுமுணுத்தாரு. ஆவட்டும்.

சளி காய்ச்சல் விஷயத்துலதான் வீட்டோட ஒரு சண்டையே நடந்துச்சு. எனக்கு நல்ல இருமல், "புள்ளைக்கு ஒட்டிக்கும், பால நிறுத்து"ன்னு ஆளாளுக்கு. அம்மாவுக்கு சளின்னா, அந்த கிருமி புள்ளைக்கு பெரும்பாலும் ஏற்கனவே போய் சேந்திருக்கும், அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே. நம்ம உடம்பு அந்த கிருமிய எதிர்க்க தயாரிக்கற ஆன்ட்டிபாடி பால் வழியாத்தான் புள்ளைக்கு போகுது, அந்த நேரத்துல நிறுத்துனா கேடயத்த புடுங்கி வெச்ச கணக்கு. மாஸ்க் போட்டு கை கழுவிட்டு குடுத்தேன். (சில நோய்க்கும் சில மருந்துக்கும் மட்டும் டாக்டர் நிறுத்தச் சொல்லுவாங்க, அது வேற.)

ராத்திரி பால்ல தூக்கத்துக்கு உதவற மெலடோனின்னு ஒரு ஹார்மோன் இருக்கும், பகல் பால்ல பெருசா இருக்காது. பொறந்த புதுசுல கொழந்தைக்கு ராத்திரி எது பகல் எதுன்னு தெரியாது, அதுக்கு நம்ம பால் மணி காட்டுதுன்னு சொல்றாங்க. பீச்சி ஃபிரிட்ஜ்ல வைக்கறவங்க, ராத்திரி பால ராத்திரிலயே குடுக்க வசதியா டப்பா மேல நேரத்தையும் எழுதி வெச்சுக்கங்க.

நமக்கு என்ன லாபம்னு யாரும் சொல்றதே இல்ல. 2002ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த பெரிய ஆய்வு, 30 நாட்டு பெண்களோட கணக்கு, பால் குடுத்த ஒவ்வொரு 12 மாசத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வர்ற அபாயம் 4.3 சதவீதம் கொறையுதுன்னு சொல்லுது. சினைப்பை புற்றுநோய், சர்க்கரை வியாதிக்கும் வாய்ப்பு கொறைவு. "பால் குடுக்கறப்ப கரு நிக்காது"ன்னு பாட்டிங்க சொல்றதும் பொய் இல்ல, ஆனா மூனு நிபந்தனை இருக்கு: புள்ளைக்கு ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும், ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டும் குடுத்திருக்கணும், மாதவிலக்கு திரும்பி வந்திருக்கக் கூடாது. மூனும் சரியா இருந்தா 98 சதவீதம் பாதுகாப்பு, ஒன்னு தவறுனாலும் நம்பாதீங்க. எங்க தெருவுலயே ஒரு அக்கா இத அரைகுறையா நம்பி, மொதப் பய நடக்கறதுக்குள்ள அடுத்தது பொறந்துருச்சு.

பால் வராம தவிக்கறவங்க இத படிச்சுட்டு மனசொடைஞ்சு போக வேணாம். இதுல பாதி சமாச்சாரம் உடம்போட உடம்பு ஒட்டி கெடக்கறதுல வர்றது. 1978 வாக்குல கொலம்பியாவோட பொகோட்டா ஊர்ல இன்குபேட்டர் பத்தாம கொறமாச கொழந்தைங்கள அம்மா நெஞ்சோட கட்டி வெச்சாங்க, அதுதான் இன்னைக்கு கங்காரு பராமரிப்புன்னு நம்ம ஜிஹெச் வரைக்கும் வந்திருக்கு. அப்பாவும் செய்யலாம். எங்க வீட்ல அவரு சட்டையில்லாம பாப்பாவ நெஞ்சுல போட்டு படுத்தா எங்க அத்தை மூஞ்ச திருப்பிக்கும், ஆனா பாப்பா அங்கதான் நல்லா தூங்குவா.

வெளிய போறப்ப குடுக்கறதுதான் பாடு. தமிழ்நாட்டுல 2015லயே பஸ் ஸ்டாண்டுல தாய்மார்களுக்கு தனி ரூம் தெறந்தாங்க, நல்ல யோசனை. நான் போன ஒரு பஸ் ஸ்டாண்டுல, ஊர் பேரு வேணாம், அந்த ரூம்ல தொடப்பமும் பினாயில் கேனும் இருந்துச்சு, சாவி யார்கிட்டன்னே யாருக்கும் தெரியல.

வேலைக்கு திரும்பறவங்களுக்கு ஒன்னு. முன்னாடி பேறுகால சலுகைச் சட்டத்துல இருந்து, இப்ப சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல சேந்திருக்கற விதிப்படி, புள்ளைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக தினம் ரெண்டு தடவ பால் குடுக்க தனி இடைவேளை தரணும். 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற எடத்துல கொழந்தை காப்பகம் வேணும், நாளைக்கு நாலு தடவ போய் பாக்கலாம். ஜவுளிக்கடைல நிக்கற என் ஃபிரண்டு இத சொல்லி கேட்டப்ப மேனேஜர் "அப்படி ஒன்னு இருக்கா?"ன்னாரு, அவ சட்டத்த பிரிண்ட் எடுத்துட்டு போய் டேபிள் மேல வெச்சுட்டா. இப்ப ரெண்டு வேளையும் வீட்டுக்கு போயிட்டு வர்றா, மத்த பொண்ணுங்களும் அந்த பேப்பர ஜெராக்ஸ் கேக்கறாங்களாம்.