ஆள் எடுக்கும் நேரம்

கிழக்கு லண்டனுக்குக் குடிவந்த முதல் வருடம் ஒரு ஏஜென்சி மூலமாகக் கிடங்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை உண்டா இல்லையா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, சாப்பாடு கட்டி, ஷூவையும் மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். செய்தி வந்தால் ஓட வேண்டும், வராவிட்டால் ஷூவைக் கழற்ற வேண்டும். அந்த ஷூவைக் கழற்றுகிற நிமிடத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் நான் பேசியதில்லை.

அப்படி வேலையில்லாத பகல்களில்தான் ராயல் டாக்ஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். தேம்ஸ் ஆற்றை ஒட்டி வெட்டிய மூன்று பிரம்மாண்டமான கப்பல் துறைகள் அவை. விக்டோரியா டாக் 1855-இல் திறந்தது, ஆல்பர்ட் டாக் 1880-இல், ஐந்தாம் ஜார்ஜ் டாக் 1921-இல். இன்றைக்கு அங்கே சரக்குக் கப்பல் ஒன்றுகூட இல்லை. கரையில் பழைய கிரேன்கள் சிலவற்றை நினைவுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எதிர்க்கரைப் பக்கம் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. இங்கே யார் வேலை பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மூட்டையோ கப்பலோ இல்லை. என் ஷூதான்.

அவர்கள் அதை 'கால்-ஆன்' என்றார்கள், ஆள் எடுப்பது. காலையில் டாக் வாசலில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் கூடி நிற்பார்கள். ஃபோர்மன் வந்து கூட்டத்தைப் பார்த்து நீ, நீ, அப்புறம் நீ என்று கை காட்டுவார். மிச்சம் பேர் திரும்பிப் போகலாம், அல்லது மதியம் இன்னொரு முறை ஆள் எடுக்கும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கலாம். பிற்காலத்தில் தொழிற்சங்கத் தலைவரான பென் டில்லட், டாக்கில் தான் பார்த்த ஒரு கொட்டகையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குக் 'கூண்டு' என்று பெயர். இரும்புக் கம்பிகளுக்கு உள்ளே இருந்தது ஃபோர்மன். கூட்டம் தன்மேல் விழுந்து நசுக்கிவிடாமல் இருக்க அவருக்குத்தான் கூண்டு தேவைப்பட்டது. அவர் கையிலிருந்த சில வேலைச் சீட்டுகளுக்காக வெளியே ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, சட்டையைக் கிழித்து, அடித்துக்கொண்டார்கள்.

எடுத்தாலும் ஒரு நாள் வேலை என்று நம்ப முடியாது. ஒரு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு அனுப்பிவிடலாம். கூலி மணிக்கு ஐந்து பென்னி. மில்வால் டாக்கின் மேலாளர், அதாவது முதலாளி தரப்பு ஆள், 1880-களில் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்ன சாட்சியம் ஒன்று உண்டு. சிலர் முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வேலைக்கு வருகிறார்கள், ஒரு மணி நேரம் உழைத்ததும் பசி அதற்கு மேல் விடாது, அந்த ஐந்து பென்னியை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார்கள் என்றார். நாலு மணிக்கு மேல் இவர்கள் வேலை செய்வதில்லை என்ற புகாருக்கு அதுதான் அவர் கொடுத்த விளக்கம். முதலாளி தரப்பே இப்படிச் சொல்லியிருக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1889 ஆகஸ்ட் மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. மேற்கிந்திய டாக்கில் ஒரு கப்பலின் சரக்கை இறக்கியதற்கான ஊக்கத்தொகைத் தகராறுதான் தொடக்கம், சில நாட்களில் ஆறு முழுக்கப் பரவி லட்சம் பேரைத் தாண்டியது. டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். கார்ல் மார்க்ஸின் மகள் எலினார் எழுத்து வேலைகளைப் பார்த்துக்கொடுத்தார். தினமும் ஊர்வலம். பட்டினி முற்றி, எல்லாம் கைவிட்டுப் போகும் என்ற நேரத்தில் ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் பணம் அனுப்பினார்கள், மொத்தம் 30,000 பவுண்டு. ஐந்து வாரத்தில் வெற்றி. கர்தினால் மானிங் நடுவில் இருந்து பேசி முடித்துவைத்தார்.

அந்தப் போராட்டம் 'டாக்கரின் டேனர்' என்ற பெயரில்தான் நினைவில் இருக்கிறது. டாக்கர் என்றால் டாக் தொழிலாளி, டேனர் என்றால் ஆறு பென்னி நாணயம், மணிக்கு அவர்கள் கேட்ட கூலி. ஆனால் கோரிக்கைகளில் என்னை உலுக்கியது இன்னொன்று: ஒருவனை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை கொடு. அவ்வளவுதான். ஓய்வூதியமோ விடுமுறையோ கேட்கவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 'வெறும் சுமைதூக்கிகள்' என்று சொல்வார்கள், அதில் எனக்குச் சம்மதமில்லை. கப்பலின் அடித்தளத்தில் சரக்கை அடுக்குவது ஒரு தனிக் கலை. கனமானது கீழே, நசுங்குவது மேலே, வாசனை பிடிப்பது ஒதுக்குப்புறமாக, முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். தப்பாக அடுக்கினால் நடுக்கடலில் சரக்கு சரிந்து கப்பலே சாயும். இந்த அடுக்குவேலை செய்பவர்கள் 'ஸ்டீவடோர்'கள், அவர்களுக்குத் தனிச் சங்கம்கூட இருந்தது. தென்கரையில் சர்ரே டாக்ஸில் மரப்பலகை சுமந்தவர்கள் இன்னொரு வகை. தலையிலிருந்து தோள்வரை மூடும் ஒரு தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நீளமான பலகைகளைத் தோளில் வைத்து, துள்ளும் ஒற்றைப் பலகைமேல் நடந்து போவார்கள். பலகை துள்ளுகிற தாளத்துக்கு நடை ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் விழ வேண்டியதுதான்.

எல்லோர் கையிலும் ஒரு கொக்கி இருக்கும், சாக்கைக் குத்தி இழுக்க. சர்க்கரை மூட்டைகளில் நூறு கிலோவை எட்டியவை உண்டு. நியூசிலாந்திலிருந்து வரும் உறைந்த ஆட்டிறைச்சி விரல்களை மரத்துப்போக வைக்கும். பதப்படுத்தாத தோல்களில் ஆந்த்ராக்ஸ் பயம். கரித்தூள் இறக்கிய அன்றைக்குக் குளித்தாலும் போகாது. எல்லாவற்றிலும் கொடியது ஆஸ்பெஸ்டாஸ். சாதாரணச் சணல் சாக்கில் வரும், கொக்கி போட்டதும் கிழிந்து தூசு பறக்கும், அந்தத் தூசுக்குள்ளேயே நின்று வேலை செய்தார்கள். டாக் மூடிப் பல வருடங்கள் கழித்து நுரையீரல் புற்றால் செத்தவர்கள் இருக்கிறார்கள். வேலை போன பிறகும் வேலை அவர்களை விடவில்லை.

அப்புறம் தேயிலைப் பெட்டிகள். இலங்கை மலையகத்தில் நம் பெண்கள் கொழுந்து பறித்து, கங்காணி முன்னால் நிறுத்து, தொழிற்சாலையில் காய்ந்து பெட்டியில் அடைபட்ட தேயிலை ஏலத்துக்கு வந்த ஊர் லண்டன். அங்கே கங்காணியின் கணக்குக்குக் காத்து நின்றவர்கள், இங்கே ஃபோர்மனின் கைக்குக் காத்து நின்றவர்கள், ஒரே பெட்டி இரண்டு பேர் கையிலும் பட்டிருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ராயல் டாக்ஸ் தண்ணீர் ஓரம் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

1920-இல் டாக் கூலி பற்றிய விசாரணை மன்றத்தில் சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. டாக் தொழிலாளிக் குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று முதலாளிகள் தரப்புப் பேராசிரியர் புள்ளிவிவரம் அடுக்க, பெவின் அந்தக் காசுக்குக் கிடைக்கும் உணவை வாங்கிவந்து தட்டுகளில் பிரித்து மன்றத்தின் முன்னால் வைத்தார். இதைத் தின்றுவிட்டு ஒரு மனிதன் மூட்டை தூக்குவானா? நாளொன்றுக்கு 16 ஷில்லிங் வாங்கிக்கொடுத்தார்.

ஆனாலும் வாசலில் நிற்பது நிற்கவில்லை. 1947-இல் தேசிய டாக் தொழிலாளர் திட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் டாக்கில் வேலை செய்யலாம், நிர்வாகத்தில் பாதி சங்கம் பாதி முதலாளி, வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு சிறு தொகை. அதற்கு, வந்து நின்றதற்குச் சாட்சியாகப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். லண்டனில் அதை 'பாம்ப்பிங்' என்றார்கள். பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் கூடி நிற்பதும், ஃபோர்மனுக்கு வேண்டியவன் முதலில் போவதும் அப்படியே இருந்தன. அது முடிவுக்கு வர நீதிபதி டெவ்லின் தலைமையிலான குழு 1965-இல் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. 1967 செப்டம்பரில்தான் ஒவ்வொரு டாக்கருக்கும் நிரந்தர முதலாளி, நிரந்தர வாரக்கூலி.

அதே 1967-இல் கிழக்கிந்திய டாக் மூடப்பட்டது. 1968-இல் செயின்ட் கேத்தரின், 1969-இல் லண்டன் டாக், 1970-இல் சர்ரே. 1980-இல் மேற்கிந்தியாவும் மில்வாலும், 1981-இல் ராயல்ஸ். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினாரே, அந்தக் கண்டெய்னர் இங்கே வந்துசேர்ந்துவிட்டது. வாரக்கணக்கில் நடந்த ஏற்றி இறக்கும் வேலை ஒரே நாளில் முடிந்தது. பெரிய கப்பல்களுக்கு ஆழமும் பரந்த இடமும் வேண்டும், ஆற்றின் உட்பகுதியில் இரண்டும் இல்லை. வேலை கீழே டில்பரிக்கும், கடலோரம் ஃபீலிக்ஸ்டோவுக்கும் போனது. எண்பது வருடம் போராடி வாசலில் நிற்காமல் இருக்கும் உரிமையை வாங்கினார்கள். வாங்கிய கையோடு வாசலே போய்விட்டது.

இதையும் சொல்லாமல் விட முடியாது. 1968 ஏப்ரலில், குடியேறிகளுக்கு எதிராகப் பேசி எதிர்க்கட்சி நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்ட இனாக் பவலுக்கு ஆதரவாக, இதே லண்டன் டாக்கர்கள் ஆயிரம் பேர் அளவில் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். என்னைப் போன்ற ஆட்கள் இங்கே வரவே கூடாது என்று. முதன்முதலாகப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன், கொஞ்ச நாள் அந்தப் பக்கமே நடக்கவில்லை. வேலை கண்முன்னே போய்க்கொண்டிருந்த மனிதர்களின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை அவர்கள் யார்மேல் திருப்பினார்கள் என்பதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒரே ஆட்கள். 1972-இல், கண்டெய்னர் வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்ததை எதிர்த்து மறியல் செய்து பென்டன்வில் சிறைக்குப் போன ஐந்து பேரும், அவர்களுக்காக நாடு முழுக்க வேலையை நிறுத்திச் சில நாட்களில் வெளியே கொண்டுவந்தவர்களும் அதே வர்க்கம்தான். அவர்களை நான் மதிக்கிறேன். அந்த 1968 ஊர்வலத்தை மறக்கவும் மாட்டேன்.

1947-இன் திட்டத்தை 1989-இல் தாட்சர் அரசு சட்டம் போட்டு ஒழித்தது. பெரிய வேலைநிறுத்தம் நடந்து சரியாக நூறு வருடம்.

அந்த ஏஜென்சியில் ஒரு குளிர்கால நாள். செய்தி வந்தது, இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் போனேன். இரண்டு மணி நேரம் பெட்டி அடுக்கியதும், இன்றைக்குச் சரக்கு குறைவு, நீங்கள் போகலாம் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கூலி. 1889-இல் அவர்கள் கேட்டது நான்கு.