கல்லில் ஏழு குழந்தைகள்

மழைக்கு ஒதுங்கி உப்சாலா பேராலயத்துக்குள் நுழைந்தவன், ஒரு கல்லறைக் கல்லின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

கணவனும் மனைவியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கூடவே சின்னச் சின்னதாய் ஏழு குழந்தைகள். எண்ணிப் பார்த்தேன், ஏழுதான்.

அந்தக் கணவர் பிர்யர் பெர்சொன். ஸ்வீடனின் உப்லாந்து பகுதிக்குச் சட்டத் தலைவர். 1296இல் மன்னர் ஒப்புதல் தந்த உப்லாந்து சட்டத்தைத் தொகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். கிறிஸ்தவர் எவரையும் அடிமையாக விற்கக் கூடாது என்று அதில் எழுதிவைத்தார்கள். 700 ஆண்டுகளுக்கு முன்னால்! எவ்வளவு பெரிய வாசகம் அது.

மனைவி இங்கெபோர்க் 1314இல் இறந்தார். மகள் பிரிகிட்டாவுக்கு அப்போது 11 வயது இருக்கும். அத்தை வீட்டில் வளர்ந்தாள். 13 வயதில் கல்யாணம். அப்புறம் எட்டுப் பிள்ளைகள்.

அந்தச் சிறுமியைத்தான் 1391இல் புனிதர் என்று அறிவித்தார்கள். இன்று உலகத்துக்கு அவளைத் தெரியும், அப்பாவை யாருக்கும் தெரியாது.

எனக்கு மட்டும் அந்த அம்மா இங்கெபோர்க்கின் நினைவாகவே இருக்கிறது.

ஏழு முகங்களில் பிரிகிட்டா எது என்று வெகுநேரம் தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.