ரோஜர் என்றால் சரி என்று அர்த்தமில்லை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது, முதல் தடவை ரேடியோ மைக் பட்டனை அழுத்தியபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. சொல்ல வேண்டியதைத் தொடையில் கட்டியிருந்த அட்டையில் எழுதித்தான் வைத்திருந்தேன்: யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே நிற்கிறேன், என்ன வேண்டும். மூன்றாவதில் திக்கி நின்றவன், பட்டனை விடவும் மறந்துபோனேன். அது அழுந்தியிருக்கும் வரை அந்த அலைவரிசையில் மற்றவர்கள் பேச வழியில்லை. பயிற்றுநர் என் விரலைத் தட்டிவிட்டார்.

ஃபோன் மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாகப் பேச முடியாது என்பது மண்டையில் ஏறவே சில நாள் பிடித்தது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், இன்றும் பழைய ஏ.எம். முறையில்தான் பேச்சு நடக்கிறது. இருவர் சேர்ந்து அழுத்தினால் காதைக் கிழிக்கும் கீச்சொலி. எஃப்.எம். ஆக இருந்தால் பலமான குரல் மட்டும் கேட்டு, மற்றது சுவடில்லாமல் போய்விடும். இங்கே இன்னொருவரும் பேசினார் என்றாவது தெரிகிறது.

மூன்றாம் வாரத்தில் வசமாக மாட்டினேன். ஓடுபாதையை நோக்கி உருட்டிக்கொண்டு போகும்போது, "ஹோல்ட் ஷார்ட் ரன்வே டூ செவன்" என்றார் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் இருந்தவர். 27-ஆம் ஓடுபாதைக்கு முன்னாலேயே நில் என்று அர்த்தம். நானும் ஸ்டைலாக "ரோஜர்" என்றேன். ஒரு நொடி மௌனம். "ரீட் பேக் ஹோல்ட் ஷார்ட்." சொன்னதைத் திருப்பிச் சொல் என்று அர்த்தம். என் வாயால் அதே வார்த்தைகள் வரும்வரை அவர் விடவில்லை.

ரோஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஆமாம் என்பதற்கு "அஃபர்ம்", அப்படியே செய்கிறேன் என்பதற்கு "வில்கோ". ஓடுபாதை, உயரம், திசை, ஆல்டிமீட்டர் (உயரமானி) அழுத்தம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாரில் நம் விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண் என்று வந்துவிட்டால் இந்த ஒற்றைச் சொற்கள் எதுவும் செல்லாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் தப்பாகக் கேட்டிருந்தால் அவர் பிடிப்பதற்கு இருக்கும் ஒரே வாய்ப்பு அது.

கடுப்போடு இறங்கிய என்னிடம் பயிற்றுநர் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்த விபத்தைச் சொன்னார். 1977 மார்ச் 27, மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள், 583 உயிர்கள். ஒரு விமானம் அனுமதி வராமலே கிளம்ப, டவரும் இன்னொரு விமானமும் ஒரே நேரத்தில் பேச, காப்பாற்றியிருக்கக்கூடிய வார்த்தைகள் அதே கீச்சொலியில் அமுங்கிப்போயின. இப்போது கிளம்ப அனுமதி கொடுக்கவோ அதை ரத்து செய்யவோ மட்டும்தான் "டேக் ஆஃப்" என்பார்கள். மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்". அதைக் கேட்டபிறகு கடுப்பு இறங்கிவிட்டது.

அப்புறம் பயிற்சி வேறு மாதிரி ஆனது. பேசுவதை விட்டுவிட்டு மணிக்கணக்கில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டேன். சுவரைப் பார்த்து "நைனர்" (9), "ட்ரீ" (3), "ஃபைஃப்" (5) என்று எண்களை ஒப்பித்தேன். நைன், ஃபைவ் இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால்தான் இந்தக் கோணல் உச்சரிப்பு. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ரேடியோ தேர்வில், ரேடியோ செத்துவிட்டால் என்ன செய்வாய் என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். டிரான்ஸ்பாண்டரில் 7600 என்ற எண்ணை வை, டவரிலிருந்து வரும் விளக்கைப் பார். நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. அடுத்து, தேர்வாளர் வேண்டுமென்றே உயரம், திசை, அலைவரிசை மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். எனக்கு இரண்டுதான் பிடிபட்டது. ரோஜர் நாக்கு நுனிவரை வந்தது.

"சே அகெய்ன்" என்றேன். மெதுவாகத் திரும்பச் சொன்னார். எழுதி, வாசித்துக் காட்டினேன். பாஸ்.