உல்வொர்த் கவுண்டரில் அம்மா

1973இல் அம்மாவும் தம்பியும் நானும் நியூயார்க் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. அப்பா எங்களுக்கு முன்பே வந்து, நகரத்தின் குயின்ஸ் பகுதியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, ஒரு கட்டுமான அலுவலகத்தில் எஞ்சினியராக இருந்தார். சமையல் தெரியாது, சுத்த சைவம். அந்தத் தனிக்கட்டை வருடங்களை அவர் கடத்தியது லஞ்ச் கவுண்டர்களில்தான். அதனால் நாங்கள் வந்தபோது அவர் மனதில் ஒரு முழு வரைபடம் இருந்தது. எந்தக் கடையில் தக்காளி சூப்பை மாட்டெலும்புத் தண்ணீரில் செய்கிறார்கள், எங்கே பீன்ஸில் பன்றித் துண்டு கிடக்கும், ஆப்பிள் பை என்கிற, பழம் வைத்துச் சுட்ட பண்டத்தில் எதன் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்களை அந்த வரைபடத்தின் வழியாகத்தான் ஊருக்குள் அழைத்துப்போனார்.

லஞ்ச் கவுண்டரைப் பார்க்காத தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையிலோ, உல்வொர்த் மாதிரி சில்லறைச் சாமான் விற்கும் பெரிய கடையிலோ, ஒரு பக்கச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேடை ஓடும். அதன் முன்னால் தரையோடு பொருத்திய சுழலும் ஸ்டூல்கள். மேடைக்கு அந்தப் பக்கம் பெரிய இரும்புக் கல், காபிப் பாத்திரங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டிவைத்த பை துண்டுகள், மூடியில் பழச்சாறு கொப்பளித்து ஓடும் இயந்திரம். மேசை கிடையாது. சமைப்பதும் பரிமாறுவதும் நம் கண்ணெதிரே நடக்கும். சோப்பு, ஊசிநூல், தங்கமீன் வாங்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் பகுதி உல்வொர்த்தில் எனக்கும் தம்பிக்கும் முதல் ஆசை அந்த ஸ்டூல்தான். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்த பிறகுதான் மெனு. மில்க் ஷேக்கை உயரமான ஸ்டீல் கோப்பையில் அடித்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தருவார்கள். டம்ளர் நிறைந்த பிறகும் கோப்பையில் கால்வாசி மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தையும் கோப்பையோடு நம் முன்னாலேயே வைத்துவிடுவார்கள். கேட்காமலேயே இரண்டாவது முறை கிடைக்கும் அந்த வழக்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. கவுண்டருக்கு மேலே பலூன்கள் தொங்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து உடைத்தால், உள்ளே சீட்டில் எழுதியிருக்கும் விலைதான் பனானா ஸ்ப்ளிட் என்கிற வாழைப்பழ ஐஸ்கிரீமுக்கு. எந்தப் பலூன் என்று நானும் தம்பியும் போட்ட சண்டை கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

அம்மாவுக்கு அது சுலபமாக இல்லை. கும்பகோணத்தில் வளர்ந்தவர். வீட்டுக்கு வெளியே சாப்பிட்டதே அபூர்வம். இங்கே முன்பின் தெரியாத ஆம்பளை ஒருவர் முழங்கை படும் தூரத்தில் உட்கார்ந்து ஹாம்பர்கர் தின்கிறார். எதிரே ஒரு பெண்மணி, நம் அம்மாவைப் பார்த்து "ஹனி, உனக்கு என்ன வேணும்?" என்கிறார். அம்மா முதல் சில மாதங்கள் வெறும் காபியோடு நிறுத்திக்கொண்டார். அதையும் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

மாற்றியது அந்த ஹனிக்கார அம்மாதான். அப்பா எங்களுக்கு வழக்கம்போல் கிரில்டு சீஸ், அதாவது சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி, சொன்னபோது, அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். அதே கல்லில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சி, வெந்துகொண்டிருந்தது. அம்மாவிடமே நேராகக் கேட்டார். அம்மா தெரிந்த ஆங்கிலத்தில், "நோ மீட். ஸேம் பிளேஸ், நோ" என்றார். அவர் ஒரு நொடிகூட முகம் மாறவில்லை. அடியிலிருந்து சின்ன வாணலி ஒன்றை எடுத்துக் கழுவி, புது வெண்ணெய் போட்டு, ஓரமாக இருந்த அடுப்பில் வைத்து அம்மாவுக்குத் தனியாக ஒரு கிரில்டு சீஸ் சுட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் உள்ளே நுழைந்தாலே வாணலி வெளியே வந்துவிடும். அம்மா இந்த நாட்டில் தன் வாயால் கேட்டு வாங்கிய முதல் சாப்பாடு அது. அப்பா மொழிபெயர்க்கவில்லை, நாங்களும் குறுக்கே பேசவில்லை. ஒரு வருடத்துக்குள் அம்மா எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தனியாக அங்கே போய்க் காபி குடித்துவிட்டு வர ஆரம்பித்தார். பக்கத்து ஸ்டூலில் உட்காரும் கிழவிகளிடம் குளிருக்கு எந்தத் துணி நல்லது, எந்தக் கடையில் கத்தரிக்காய் மலிவு என்று கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் குடும்பம் இந்த ஊரில் வேர்விட்டது அலுவலகத்திலும் பள்ளியிலும் அல்ல, அந்தக் கவுண்டரில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மன்ஹாட்டன் போனால் அப்பாவின் கடை வேறு. சாக் ஃபுல் ஓ நட்ஸ். இன்றைக்கு அது சூப்பர் மார்க்கெட் அலமாரியில் மஞ்சளும் கறுப்புமான காபி டப்பா. அன்றைக்கு ஊர் முழுக்க அவர்களுக்கு லஞ்ச் கவுண்டர்கள் இருந்தன. வில்லியம் பிளாக் என்பவர் 1926இல் டைம்ஸ் சதுக்கத்துப் பக்கம் முந்திரி, வாதுமை விற்கிற சின்னக் கடையாக ஆரம்பித்தது. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் கொட்டை வாங்கிக் கொறிக்கும் வசதி ஜனங்களுக்கு இல்லாமல் போக, கடைகளைச் சாண்ட்விச் கவுண்டர்களாக மாற்றினார். அங்கே பேரீச்சம்பழமும் கொட்டையும் சேர்த்துச் சுட்ட ரொட்டியில் கிரீம் சீஸ் தடவி ஒரு சாண்ட்விச் உண்டு. சைவக் குடும்பத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? டிப்ஸ் வாங்குவதில்லை என்பது கடையின் விதி. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த அப்பாவுக்கு அதுவும் பெரிய நிம்மதி.

அந்தக் கவுண்டர்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரிய பேஸ்பால் லீக்கில் 1947இல் நுழைந்து, அந்த வேலியை உடைத்த ஜாக்கி ராபின்சன், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1957இல் இந்த நிறுவனத்தில்தான் ஊழியர் துறையின் துணைத் தலைவராகச் சேர்ந்தார். இதை அப்பாவுக்குச் சொன்னவர் அவருடைய அலுவலகத்தில் வரைபடம் போடும் ஒரு கறுப்பின நண்பர். வடக்கு கரோலினாக்காரர். மதியம் இருவரும் சேர்ந்துதான் கவுண்டருக்குப் போவார்கள்.

பருப்பு வாங்கப் போகும் சனிக்கிழமைகளை மறக்கவே முடியாது. லெக்சிங்டன் அவென்யூவில் கலஸ்டியன்ஸ் கடை. துவரம்பருப்பு, பெருங்காயம், புளி, எல்லாம் அங்கேதான். பைகளைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து செகண்ட் அவென்யூவுக்கு இறங்கிவருவோம், பி அண்ட் எச் டெய்ரிக்கு. அதுவும் அப்பாவின் கண்டுபிடிப்புதான். அலுவலகத்தில் ஒரு யூத நண்பர் வழிகாட்டினாராம். யூத முறைப்படி பாலையும் இறைச்சியையும் சேர்க்கக்கூடாது. அதனால் பால் வகைகள் பரிமாறும் உணவகத்தில் இறைச்சி நுழையவே நுழையாது. மீன் மட்டும் உண்டு. இரண்டாயிரம் வருடப் பழக்கம் ஒன்று, யாருக்காகவோ ஏற்பட்டது, கும்பகோணத்து அம்மாவுக்கு நியூயார்க்கில் பயமில்லாமல் சாப்பிட ஓர் இடம் கொடுத்தது. பட்டாணிப் பருப்பு சூப்பு, காளான் போட்ட பார்லி சூப்பு, கூடவே வெண்ணெய் தடவிய தடிமனான ஹல்லா என்கிற யூத ரொட்டி. ரொட்டியில் முட்டை உண்டு. முட்டையை முட்டையாகத் தொடாத அம்மா, மாவோடு கலந்ததை மட்டும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்திருந்தார். கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, பருப்பு சூப்பில் சீரகமும் மிளகும் பொடித்ததைத் தூவிக்கொள்வார். பரிமாறுகிறவரும் கொஞ்சம் கேட்டு வாங்கி ருசி பார்த்திருக்கிறார்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோதுதான் அப்பா கிரீன்ஸ்பரோ பற்றிச் சொன்னார். வரலாற்றுப் பாடத்துக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். 1960 பிப்ரவரி 1 அன்று எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் வடக்கு கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் உல்வொர்த் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலரோடு வந்தார்கள். அது தெற்கு முழுவதும் பரவியது. ஜூலை 25 அன்று கடை பணிந்தபோது, அந்தக் கவுண்டரில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர்கள் அந்தக் கடையிலேயே வேலை செய்த ஊழியர்கள். அத்தனை காலம் பிறருக்குப் பரிமாறிய இடத்தில் அன்றுதான் அவர்களுக்குச் சாப்பாடு.

நான் பாடமாகப் படித்ததை அப்பாவின் நண்பர் வாழ்ந்திருக்கிறார். அந்த மாதிரிக் கடையில் பற்பசை வாங்கலாம், நோட்டு வாங்கலாம், காசை வாங்கிக்கொள்வார்கள். ஸ்டூலில் மட்டும் உட்காரக்கூடாது. சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிட வேண்டும், இல்லையென்றால் பொட்டலமாக வாங்கிப் போக வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் ஊர் டீக்கடையைச் சொன்னார். பெஞ்சு எங்களுக்கு, கண்ணாடி டம்ளர் எங்களுக்கு. சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு வாசலுக்கு வெளியே தனிக் குவளை, சில கடைகளில் கொட்டாங்குச்சி. குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். "நாம பெஞ்சுல உக்காந்தவங்கப்பா. அதை அவர்கிட்ட சொன்னேன். சொல்லாம அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட எனக்கு மனசு வரலை" என்றார். அப்பாவை நான் மிகவும் மதித்த நாட்களில் அதுவும் ஒன்று.

அந்தப் போராட்டத்தின் இழை நம் பக்கமும் வருகிறது. நாஷ்வில் நகரத்து மாணவர்களுக்கு அடித்தால் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன், ஐம்பதுகளில் நாக்பூரில் மூன்று வருடம் இருந்து காந்தியின் சத்தியாகிரகத்தைப் படித்தவர். 1964இல் நிற வேற்றுமையைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம், அடுத்த வருடமே குடியேற்றச் சட்டம். அதுவரை ஒரு வருடத்துக்கு நூறு இந்தியர்தான் குடியேறலாம் என்றிருந்த கணக்கை அந்த 1965 சட்டம்தான் எடுத்துப்போட்டது. அப்பாவின் விசா அதில் வந்தது. கறுப்பின மக்கள் அடிபட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் எங்கள் பெட்டிகள் உள்ளே வந்தன. நம்மவர்கள் நடுவில் இது போதுமான அளவு பேசப்படுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

அப்பாவுக்கு வயதான பிறகு, அவரையும் அம்மாவையும் காரில் கிரீன்ஸ்பரோ அழைத்துப்போனேன். அந்த உல்வொர்த் கட்டடம் 2010 பிப்ரவரி 1 முதல் சிவில் உரிமை அருங்காட்சியகம். கவுண்டரும் ஸ்டூல்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு பகுதி மட்டும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மா அந்த ஸ்டூல்களைப் பார்த்ததும், "நம்ம குயின்ஸ் கடையிலயும் இதே மாதிரிதானே" என்றார். வழிகாட்டிப் பெண்ணிடம் அந்த ஹனிக்கார அம்மாவைப் பற்றியும் தனி வாணலியைப் பற்றியும் ஆங்கிலத்தில் அவரே முழுதாகச் சொன்னார்.

சாக் ஃபுல் ஓ நட்ஸ் கவுண்டர்கள் எண்பதுகளில் கைமாறி மறைந்தன. உல்வொர்த் 1997இல் அமெரிக்கக் கடைகளை மூடியது. கார் வந்தது, மால் வந்தது, வேகமான ஹாம்பர்கர் கடைகள் வந்தன. எண்பத்து மூன்றாம் தெருவில் 1925இல் தொடங்கிய லெக்சிங்டன் கேண்டி ஷாப் இன்னும் பழைய மாதிரியே மில்க் ஷேக் அடிக்கிறது. என் மகளுக்கு ஸ்டீல் கோப்பை மிச்சத்தை அங்கேதான் காட்டினேன்.

பி அண்ட் எச் 2015இல் பக்கத்தில் நடந்த எரிவாயு வெடிப்பால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. தெருக்காரர்களும் வாடிக்கையாளர்களும் பணம் திரட்டிக் கொடுத்து மீண்டும் திறக்கவைத்தார்கள். இப்போது அதை நடத்துவது எகிப்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவரும் போலந்திலிருந்து வந்த அவர் மனைவியும். அடுப்படியில் ஸ்பானிஷ் கேட்கும். அவர்கள் விற்கிற சட்டையில் "ஹல்லா! போர் ஃபவோர்" என்று அச்சடித்திருக்கும், போர் ஃபவோர் என்றால் ஸ்பானிஷில் தயவுசெய்து. நியூயார்க்குக்குப் புதிதாகப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு நாள் போய் வாருங்கள். மேசை காலியாக இருந்தாலும் கவுண்டரிலேயே உட்காருங்கள். இறைச்சி இருக்காது, மீன் இருக்கும், ஹல்லாவில் முட்டை உண்டு. என்ன சேராது என்பதை நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள், காதுகொடுத்துக் கேட்பார்கள். குளிர்காலமென்றால் காளான் பார்லி சூப்பு வாங்குங்கள்.