இரண்டு கல்லும் ஒரு குட்டித் தூக்கமும்

என் பவளத் தொட்டிக்குப் புதிதாக இரண்டு கல் பவளங்கள் வந்தன. ஒன்று சுண்டுவிரல் நீளமுள்ள அக்ரோபோரா கிளை, மற்றொன்று டார்ச் பவளம். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அம்மா, "கல்லைக்கூடவா தண்ணீர் ஊற்றி விற்கிறார்கள்?" என்று கேட்டார். அது உயிருள்ளது, கல் என்பது அது தனக்காகக் கட்டிக்கொண்ட எலும்புக்கூடு, சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்குப் பெரும்பகுதி உணவைத் தயாரித்துக் கொடுக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். "இருந்த இடத்திலேயே இருக்கும், சமைத்துப் போட வேறு ஆள். உன்னைப் போலத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பையை மூடியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டேன். வெப்பநிலை சமமாகிவிட்டது. அடுத்தது உப்பு, அதையும் மெல்ல மெல்லச் சமமாக்க வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் பைத் தண்ணீர் ஆயிரத்துக்கு 32, என் தொட்டி 35. பவளங்களைப் பைத் தண்ணீரோடு வாளியில் இறக்கி, மெல்லிய ஏர் டியூபால் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்து, டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு மூன்று சொட்டு விழும்படி அமைத்தேன். இதற்கு அரைமணி நேரம் தாராளம். ஆனால் அன்று எனக்கு உபசாரம் தலைக்கேறியிருந்தது. ஒரு மணி நேரம் போகட்டும் என்று பக்கத்திலேயே பாயை விரித்துச் சாய்ந்தேன். சொட்டுச் சத்தம் தாலாட்டுப் போல இருந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதுகு ஈரமானபோதுதான் விழித்தேன். முடிச்சு எப்போதோ நெகிழ்ந்து, சொட்டு ஓடையாகி, வாளி நிரம்பி, பாய் மிதக்காத குறை. பதறி எழுந்து தொட்டியைப் பார்த்தால் நீர்மட்டம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மறுகணம் வயிற்றைக் கலக்கியது. ஆவியாகிற தண்ணீரை ஈடுசெய்ய ஒரு தானியங்கி நிரப்பி வைத்திருக்கிறேன். மட்டம் இறங்கினால் நன்னீரை ஊற்றுவது அதன் வேலை. உப்புநீர் வாளிக்குப் போகப் போக, அது கேனிலிருந்து நன்னீரை விசுவாசமாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் கிடைத்ததிலேயே கடமை தவறாத வேலையாள் அதுதான்.

கேனில் குறைந்திருந்தது 16 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 200 லிட்டர். கை நடுங்க உப்பை அளந்தேன். 35 இருந்த இடத்தில் 32 சொச்சம். விருந்தாளிகளை என் தொட்டிக்குப் பழக்க நினைத்தேன். தொட்டியே இறங்கி வந்து விருந்தாளிகளுக்குப் பழகிவிட்டது.

அவசரப்பட்டு உப்பைக் கொட்டினால் இரட்டை அடியாகிவிடும். நிரப்பியின் கேனில் நன்னீருக்குப் பதிலாக உப்புநீரை ஊற்றி வைத்தேன். ஆவியாக ஆவியாக, சில நாட்களில் உப்பு தானாகவே மேலே ஏறும். புதியவர்களுக்குப் பூச்சி மருந்துக் குளியல் போட்டபோது டார்ச்சின் அடியிலிருந்து அரிசி அளவு நண்டு ஒன்று வெளியே விழுந்தது. பூச்சி முட்டைகளுக்கு மருந்து பலிக்காது என்பதால் பழைய பல்துலக்கியால் அடிப்பகுதியையும் தேய்த்தேன். பிறகு இருவரையும், வெளிச்சம் குறைந்த மணல்தரையில் வைத்தேன். மேல்தளத்துக்குக் குடியேற இரண்டு மூன்று வாரம் ஆகும். எடுத்த எடுப்பில் விளக்கின் கீழ் வைத்தால் வெளுத்துப்போவார்கள்.

மறுநாள் காலையில் பழைய பவளங்கள் எல்லாம் கதவை அடைத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தன. புதிய டார்ச் மட்டும், சொந்த வீட்டில் இருப்பதுபோல், விரல்களை நீட்டி ஆடிக்கொண்டிருந்தது.

ஏர் டியூபைச் சுற்றி வைக்கும் பெட்டியை நேற்றுத் திறந்தேன். உள்ளே அம்மாவின் அலாரம் கடிகாரம் இருந்தது.